தேமல் என்று விட்டுவிட்ட ஓராண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 30ஆம் நாள் அரசு அலுவலகங்களில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுத்துக்கொள்ளப்பட்ட செய்தியும், அதனுடன் விரல்கள் மடங்கிய ஒரு முதியவரின் கையைக் காட்டும் படமும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவந்திருந்தன. காந்தியடிகள் மறைந்த நாளை இந்நோய்க்குரிய நாளாகக் கடைப்பிடிப்பது மிகவும் பொருத்தமானதே. சேவாகிராமத்தில் பர்ச்சூரே சாஸ்திரி என்ற தொழுநோயாளரைத் தம் குடிலுக்கு அருகிலேயே தங்கவைத்து, நாள்தோறும் தம் கையாலேயே அவருக்குப் பணிவிடை செய்தவர் அவர். ஆயினும் அந்தப் படம் எனக்கு மனநெருடலைத் தந்தது. அதைப் பார்க்கும் ஒரு தாய், தொழுநோய் என்றால் மடங்கிய விரலும் மழுங்கிய பாதமும்தான் என்று எண்ணிக்கொள்வாள். தன் பிள்ளையின் கையில் நாணயமளவு வெளிறிக் கிடக்கும் ஒரு தேமலுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றாது. முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்த எனக்கே அது தோன்றவில்லை. அதனால் ஒரு சிறுவனுக்கு ஓராண்டு வீணானது. அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பணியாற்றியது செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில். ஊரின் பெயரைச் சொன்னால் அந்தப் பிள்ளை யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வர் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். கொரோனாக் காலத்தில் மூடியிருந்த பள்ளிகள் திறந்து, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகள் மீண்டும் வகுப்புக்கு வந்தபோது, மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் இடது முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிறிய தேமல் ஒன்றைக் கண்டேன். விளையாடிவிட்டு வரும்போது உடம்பெல்லாம் வியர்வை வழிய, அந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்ததையும் கண்டேன். கண்டும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்த நாளில் அவன் அம்மாவிடம், "வயிற்றில் பூச்சி இருந்தால் இப்படித்தான் வெளுக்கும், கீரையும் முட்டையும் கொடுங்கள்" என்று நானே சொல்லி அனுப்பினேன். டீச்சரே சொல்லிவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணும் நிம்மதியாகிவிட்டாள். பிறகு மருந்துக் கடையில் படைக்கு விற்கும் களிம்பு, ஒரு தனியார் மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்னொரு களிம்பு, அப்பத்தா நேர்ந்துகொண்டபடி கோவிலில் உப்பும் மிளகும், உறவினர் ஒருவர் சங்கரன்கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண் என்று ஓராண்டு ஓடிப்போயிற்று. அந்தக் குடும்பம் அலட்சியமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்த இடத்துக்கெல்லாம் போனார்கள். போன இடத்தில் ஒருவர்கூட அந்தத் தேமலைப் பஞ்சால் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்கவில்லை.

மறு ஆண்டு ஒரு நண்பகலில், சத்துணவு வரிசையில் நின்ற அவன், தட்டை நீட்டியபடி சாம்பார் அண்டாவின் பக்கவாட்டில் முன்கையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அண்டா அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. "ஏய்யா, கை சுடலையா?" என்று சமையல் உதவியாளர் பதறிய பிறகே அவன் தன் கையைத் திரும்பிப் பார்த்தான். "இல்லக்கா" என்றான். தோல் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அழாத பிள்ளையைக் கண்டு நான் அஞ்சியது என் பணிக்காலத்தில் அன்று ஒரு நாள்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த இளம் பெண் மருத்துவர் அவனைச் சோதித்த விதத்தை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியது அது. பஞ்சை நூல்போல் திரித்து, தேமலின் மேல் தொட்டு, "தெரியுதா?" என்று முதலில் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவன் "தெரியுது" என்றே சொன்னான். பெரியவர்கள் எந்த விடையை எதிர்பார்க்கிறார்களோ அதைச் சொல்வது பிள்ளைகளின் இயல்பு. மருத்துவர் அதை உணர்ந்து, கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தை மறு கையின் விரலால் காட்டும்படி சொன்னார். தோளில் தொட்டார், காட்டினான். மணிக்கட்டில் தொட்டார், காட்டினான். தேமலுக்குள் தொட்டபோது விரலை நீட்டாமல், இன்னும் தொடவில்லை என்று எண்ணி, கண்ணை மூடியபடியே காத்திருந்தான். அவன் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மருத்துவர் முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னே ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்து, அது மறு கையில் உள்ளதைவிடத் தடித்திருப்பதைக் காட்டினார். சுண்டுவிரலை விரித்துப் பிடிக்கச் சொல்லித் தம் விரலால் தள்ளியபோது அது எதிர்த்து நிற்க முடியாமல் மடங்கிக் கொடுத்தது. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குத் தேவைப்பட்டவை கொஞ்சம் பஞ்சும் பொறுமையும் மட்டுமே.

முகத்தில் வரும் தேமலுக்கு இந்தச் சோதனை எப்போதும் உதவாது என்பதையும் அவர் சொன்னார். முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் அங்கே நோய் இருந்தும் உணர்ச்சி இருக்கக்கூடும். மிகச் சிறு பிள்ளைகளுக்குச் சோதனையே கைகூடாது. அப்போது வியர்க்காமை, முடி உதிர்தல், களிம்புக்கு அசையாமல் மாதக்கணக்கில் நிலைத்திருத்தல் ஆகியவற்றைக் கொண்டு ஐயப்பட்டு, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பிள்ளைகளின் முகத்திலும் கையிலும் வரும் வெளிறிய திட்டுகளில் பெரும்பாலானவை தொழுநோய் அல்ல என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பால்போல் வெளுக்கும் வெண்புள்ளியும் தொழுநோய் அல்ல; அதில் உணர்ச்சி குறைவதில்லை, அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமில்லை.

நோயைப் பற்றி அன்று அறிந்துகொண்டவை பல. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் கண்டறிந்த ஒரு நுண்ணுயிரியே இதற்குக் காரணம். முற்பிறவி வினையோ, நாகத்தை அடித்த பாவமோ, பரம்பரையோ காரணம் அல்ல. சிகிச்சை பெறாத நோயாளியின் மூக்கிலும் வாயிலும் இருந்து வெளிப்படும் நுண்துளிகள் வழியாக, நெடுங்காலம் நெருங்கிப் பழகுபவர்களுக்கு அது பரவுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புத் திறன் இருப்பதால் தொற்றினாலும் நோய் வருவதில்லை. அந்த உயிரி இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே நோய் வெளித்தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், சிலருக்கு இருபது ஆண்டுகளும்கூடப் பிடிக்கின்றன. விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று நாம் நம்புவதும் தவறு. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டியது இதைத்தான்: நரம்பு செயலிழந்த கை, சூட்டையும் காயத்தையும் உணராமல், நாளுக்கு நாள் தன்னைத்தானே புண்படுத்திக்கொள்கிறது, விரல்கள் தேய்வது அதனால்தான். சாம்பார் அண்டாவில் சாய்ந்திருந்த அந்தச் சிறு கையைப் பார்த்தபின் எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் நான் இக்கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஐம்பது வயதானவருக்குத் தொழுநோய் வெளித்தெரிந்தால், அது எப்போது, எந்த ஊரில் தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்தால் அப்படியல்ல. அவன் வாழ்ந்திருப்பதே எட்டு ஆண்டுகள்தான். ஆகவே தொற்று அண்மையில் நிகழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் அவன் உண்டு, உறங்கி, விளையாடும் இடத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. அதைத் தந்தவர் இன்னும் மருந்து எடுக்காமல் அருகிலேயே இருக்கக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனமும் இதனாலேயே, ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உள்ளூர்ப் பிள்ளைகளிடையே புதிய நோயாளி ஒருவர்கூட இல்லாத நிலையைத்தான், அங்கே நோய்ப் பரவல் அறுபட்டதற்கு அடையாளமாகக் கொள்கிறது. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்த வீட்டில் இருந்தவர் அவனுடைய ஐயா. தாத்தாவை அங்கே ஐயா என்றுதான் அழைப்பார்கள். காது மடல்கள் தடித்து, புருவ முடி உதிர்ந்து, முகத்தில் ஒரு மினுமினுப்பு ஏறியிருந்ததை ஊரார் எல்லோரும் பார்த்தோம். வயதாகிவிட்டது என்று நினைத்தோம். அவருடைய பாதத்தில் இரண்டு ஆண்டுகளாக ஆறாமல் இருந்த புண்ணைச் சர்க்கரைப் புண் என்று சொல்லித் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்; அவருக்குச் சர்க்கரை நோயே இல்லை. பேரன் பிறந்தது முதல் இரவில் அவர் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வான். செய்தி தெரிந்தபோது அந்த முதியவர் முதலில் கேட்டது, "என்னை எங்க அனுப்பப் போறீங்க?" என்பதுதான். அவருடைய சிறுவயதில், சொந்தக்காரர் ஒருவரை ஊருக்கு வெளியே தோப்பில் குடிசை போட்டு வைத்து, சோற்றை வேலிக்கு இப்பால் வைத்துவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, மாத்திரை தொடங்கியதுமே பரவும் தன்மை போய்விடும் என்று கிராம சுகாதாரச் செவிலியர் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று முறை எடுத்துச் சொன்ன பிறகே அவர் நம்பினார்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டு மருந்து சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது முற்றிலும் இலவசம். நோய் குறைந்த அளவில் உள்ளவர்களுக்கு ஆறு மாதம், மிகுதியாக உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். பிள்ளைகளுக்கு அளவு குறைத்த மருந்து உண்டு. மாதத்தின் முதல் வேளையைச் செவிலியர் முன்னிலையில் விழுங்க வேண்டும். கூட்டு மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவந்து போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு மருந்தான குளோஃபசிமின் சாப்பிடுபவர்களுக்குத் தோல் கறுக்கும். மருந்து முடிந்தபின் அது மெல்ல மெல்லத் தெளியும். சிறுவனின் நரம்பு பாதிக்கப்பட்டிருந்ததால் நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் மருந்தையும் அவனுக்குச் சில வாரங்கள் கொடுத்தார்கள். நரம்புப் பாதிப்பு புதிதாக, அதாவது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் இம்மருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்றும், காலம் கடந்தால் வலிமை திரும்புவது அரிது என்றும் அறிந்தபோது, நான் வீணாக்கிய அந்த ஓராண்டு என் நெஞ்சை அறுத்தது. அவனுடைய சுண்டுவிரல் தேறிவிட்டது. தேமல் இருந்த இடத்தில் உணர்ச்சி முழுவதும் திரும்பவில்லை.

இனி, சொல்லவே கூசும் ஒரு செய்தி. எப்படியோ வெளியே கசிந்ததும், சில பெற்றோர் பள்ளிக்கு வந்து, அவனைத் தனி வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றனர். இரண்டு பிள்ளைகள் ஒரு வாரம் வரவில்லை. பள்ளியின் பொறுப்பில் இருந்தவர்களோ, நோய் முற்றிலும் குணமானதற்குச் சான்று வாங்கி வரும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டனர். ஆறு மாதச் சிகிச்சை என்றால் ஆறு மாதப் படிப்பு போகட்டும் என்பதுதானே இதன் பொருள்? பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்கு நாங்கள் அழைத்துவந்த செவிலியர் அங்கே பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. "மாத்திரை சாப்பிடுற பிள்ளைகிட்டயிருந்து உங்க பிள்ளைக்கு ஒண்ணும் வராது. இன்னும் மாத்திரை சாப்பிடாம யார் யார் இருக்காங்கங்கிறதுதான் நமக்குத் தெரியல. நீங்க இவனை விரட்டினா, அவங்க யாரும் வெளியே வந்து காட்ட மாட்டாங்க" என்றார். அதன் பிறகு எதிர்ப்பு அடங்கியது. பதினோரு நாள் கழித்து அவன் தன் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தான். நோயாளரை அடைத்துவைக்க ஆங்கிலேயர் 1898இல் இயற்றிய சட்டத்தையே நாடாளுமன்றம் 2016இல் நீக்கிவிட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் பிரிவுகளும் 2019இல் நீக்கப்பட்டன. சட்டப் புத்தகத்தில் இல்லாமல் போன ஒன்று ஒரு தொடக்கப் பள்ளியின் வாசலில் பதினோரு நாள் நடைமுறையில் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும் காரணம் யாருடைய கொடுமையும் அல்ல, அறியாமைதான் என்று நான் நம்புகிறேன். அந்த அறியாமை வளர்ந்ததற்கு "ஒழிப்பு" என்ற சொல்லும் ஒரு காரணம். 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் பொருள், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவானவரே சிகிச்சையில் இருக்கிறார் என்பதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நம் சிவகங்கை மாவட்டத்தில், ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இருந்தாலும், அந்த வரையறையின்படி நோய் ஒழிந்ததாகவே கொள்ளப்படும். இங்குள்ள எண்ணிக்கை இதுவென்று நான் சொல்லவில்லை. வரையறையின் இடம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டவே சொல்கிறேன். முன்பெல்லாம் தொழுநோய்க்கென்றே தனிப் பணியாளர்கள் இருந்தனர். பள்ளிக்கு வந்து, பையன்களின் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். என் பணிக்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் நானே பார்த்திருக்கிறேன். பின்னர் அந்தப் பணி பொது மருத்துவத்துடன் இணைக்கப்பட்டது. அது நியாயமான முடிவுதான்; தனியாக வைத்திருப்பதே ஒதுக்கலுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அந்தக் கண்கள் ஓய்வுபெற்றுச் சென்றபோது, அவை பார்த்துப் பழகியது மற்றவர்களுக்குக் கைமாறவில்லை.

தேடினால்தான் கிடைக்கும் நோய் இது. உலகெங்கும் 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர்; கொரோனாவால் தேடல் நின்ற 2020இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்தேழாயிரமாகச் சரிந்தது; 2023இல் மீண்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. நோய் ஓராண்டில் குறைந்து மீண்டும் கூடவில்லை. பார்க்காத ஆண்டில் தெரியாமல் இருந்தது. 2023இல் கண்டறியப்பட்டவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நம் நாட்டவர். நோய்ப் பரவலை 2027க்குள் அறவே நிறுத்துவது என்று நடுவண் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கு எட்டப்படுவதும் எட்டப்படாததும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் தோலை யார் பார்க்கிறார் என்பதையும் பொறுத்திருக்கிறது.

பள்ளிகளுக்கு நடமாடும் மருத்துவக் குழு இப்போதும் வருகிறது. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஒரு காலைப் பொழுதில் இருநூறு பிள்ளைகளின் கண், பல், காது, எடை எல்லாம் பார்த்து எழுதியாக வேண்டிய நிலையில் முதுகையும் தொடையையும் பார்க்க நேரம் எங்கே? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பாவாடை சட்டைக்குள் இருக்கும் தேமலை அவர்களாகக் காட்ட மாட்டார்கள். வகுப்பறையில் எல்லோர் முன்னிலையில் காட்டச் சொல்வதும் முறையல்ல. ஆண்டுக்கு ஒரு நாள் தோலைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, பெண் பணியாளர்களைக் கொண்டு, ஒரு திரையை மறைவுக்குக் கட்டி, நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்கச் செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கு எத்தனையோ பயிற்சிகள் நடத்துகிறார்கள். அவற்றில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுத்து, கண்ணை மூடி விரலால் காட்டச் செய்யும் அந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்து காட்டினால் போதும். ஆசிரியர் நோயைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. "பூச்சியாக இருக்கும்" என்று நான் சொன்னதைப்போல் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

பள்ளிப் பதிவேட்டிலேயே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் வட மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இதைச் சொன்னவுடன், நோயை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று பேசத் தொடங்குவோரும் உண்டு. அது தவறு. நான் சொன்ன ஐயா இந்த மண்ணைவிட்டு எங்கும் போனவர் அல்லர். வேலூரை அடுத்த கரிகிரியிலும், செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும், நம் அருகிலேயே மானாமதுரை தயாபுரத்திலும் இந்நோய்க்கென்றே மருத்துவமனைகள் எழுந்தது, அது தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்துவந்ததால்தான். வெளியூர்க் குடும்பங்களுக்கு உள்ள இடர் வேறு: வேலை முடிந்து நடுவிலே ஊர் மாறும்போது சிகிச்சை அறுந்துபோகும். அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஓர் அட்டையும், மீதி மாதங்களுக்கான மாத்திரையும் கையில் கொடுத்து அனுப்பினால் அந்தப் பிள்ளை தப்பிக்கும். ஆலை முதலாளிகள் நினைத்தால், தொழிலாளர் குடியிருப்புக்குச் செவிலியர் மாதம் ஒருமுறை வந்து போக வழிசெய்யலாம்.

நோயாளியுடன் நெருங்கியிருந்தவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து நோய் வராமல் காக்கும் முறை நம் நாட்டில் 2018 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டுவருகிறது. வங்கதேசத்தில் நடந்த ஆய்வில், அவ்வாறு கொடுக்கப்பட்டவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் 57 சதவீதம் குறைந்தது. இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். சிறுவனின் தங்கைக்கு அப்போது நான்கு வயது, அவளுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமானால் நோயாளி யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் இதற்கு இசைவதில்லை. பெயரை வெளியிடாமல் தெரு முழுவதும் தோல் பரிசோதனை முகாம் என்று நடத்தி, அதில் கொடுத்துவிட்டால் இந்த அச்சத்துக்கு இடமிராது. எங்கள் ஊரில் செவிலியர் அப்படித்தான் செய்தார். ஊரின் பெரும்பாலோருக்கு அந்த முகாம் எதனால் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செவ்வாய், வெள்ளியில் பெண் பிள்ளைகளுக்கும், புதன், சனியில் ஆண் பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிள்ளையை வளவு வெளிச்சத்திலோ முற்றத்திலோ உட்காரவைத்து, முதுகு, தோள், கை, தொடை எல்லாம் எண்ணெய் பூசும் அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் அந்த உடம்பின் ஒவ்வொரு மச்சமும் தெரியும். மாதம் ஒருமுறை, எண்ணெய் பூசும் முன், புதிதாக வெளிறியோ சிவந்தோ இருக்கும் இடம் ஏதேனும் உண்டா என்று அவர்கள் பார்த்து, இருந்தால் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்து, ஐயம் வந்தால் களிம்பு தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் இதை எந்த மருத்துவரைவிடவும் முன்னதாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். "குஷ்டரோகி" என்ற சொல்லை, செய்தியிலானாலும் யாரையேனும் இழித்துப் பேசுவோரின் மேற்கோளிலானாலும், தங்கள் பக்கங்களில் அச்சிட வேண்டாம்; அந்தச் சொல்லைப் படித்த ஒரு பிள்ளை அதைப் பள்ளி மைதானத்தில் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஜனவரி 30 அன்று மடங்கிய விரல்களின் படத்துக்குப் பதிலாக, முகமும் பெயரும் தெரியாதவாறு, ஒரு சிறு கையில் உள்ள வெளிறிய தேமலின் படத்தைத் தெளிவான வண்ணத்தில் வெளியிடுங்கள். அதன் கீழே, இதில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், சிகிச்சை இலவசம் என்ற இரண்டு வரி போதும். தங்கள் நாளிதழ் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் நாள் முழுவதும் கை மாறுகிறது.

அந்தச் சிறுவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ஐயா பன்னிரண்டு மாத மாத்திரையையும் முடித்துவிட்டார். பாதத்துக்கு அரசு கொடுத்த, எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கிறார். வீட்டில் நோய் கண்ட பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், தங்கையை நானே ஒவ்வோர் ஆண்டும் அழைத்துச் செல்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. இந்தக் கோடை விடுமுறையில் மறுபடியும் போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.